முப்பத்தொன்றாம் கேசட்

அத்தியாயம் 11

அப்பாவின் பதினான்கு அட்டைப்பெட்டிகளும் வேனில் ஏறித் தெருமுனை திரும்பிப் போனதைப் போன வாரம் பார்த்தோம். மகன் வேனுக்குக் கையாட்டினான். மகள் பெட்டிகளை எண்ணிப் பார்த்து ஆவணக் காப்பகத்தின் தாளில் கையெழுத்துப் போட்டாள். அம்மா வாசல் வரைகூட வரவில்லை. உள்ளே ஏதோ துவைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நாடகம் எழுதுவார், அதற்குப் பாட்டும் அவரே கட்டுவார். நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இரங்கல் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் மகளின் தோளில் சாய்ந்து அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இரண்டு மூன்று தரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துகூடப் பார்த்தாள். வராததை என்ன செய்வது என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். வயது நாற்பத்தொன்பது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். கூண்டில் நிற்பவர் கதறினாலும் சரி, பொய் சொன்னாலும் சரி, சொல் பிசகாமல் எழுதிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போகிறவள். இருபத்தாறு வருடப் பழக்கம்.

அந்தப் புதன்கிழமை காலையும் அப்படித்தான் போனது. அச்சு இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்த ஒருவர் சாட்சி சொன்னார். 'மூன்று விரல்கள், வலது கை' என்று எழுதி அடிக்கோடு போட்டபோது மேசைக்கு அடியில் போன் நடுங்கியது. தம்பி. உணவு இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து அவனைக் கூப்பிட்டாள்.

"அக்கா, என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு வா. புதையல் கிடைச்சிருக்கு!"

"எங்கடா?"

"காப்பகத்துல. அப்பாவோட கேசட்டு ஒண்ணுல பாத்திரக் காட்சி இருக்காம். நாடகம் மேடையேறுறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணினதாம். நடிச்ச பொண்ணு யாருன்னுதான் தெரியலை. குடும்பத்துல யாராவது கேட்டு அடையாளம் சொல்லணுமாம். நான் கேட்டேன், எனக்குப் பிடிபடலை. அக்கா, அந்தக் குரல் இருக்கே... உயிரை உருவுது!"

சின்னவன் எப்போதுமே இப்படித்தான். நாற்பத்தாறு வயதிலும் வணக்கம் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக ஒரு நொடி நிற்பான். அப்பாவின் நாடகக் குழுவை இப்போது அவன்தான் நடத்துகிறான்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியவள் பஸ் ஏறினாள்.

பாத்திரக் காட்சியைத் தெரியாத நாடக ரசிகர் இருக்க முடியாது. 'மூன்றாம் மணி' என்ற அப்பாவின் நாடகத்தில் வருவது. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கணவனிடம் எட்டு நிமிடம் பேசுவாள். கடைசியில் 'போதும்' என்று மூன்று தரம் சொல்வாள். அந்த மூன்று போதும்களும் அப்படியே படியிறங்கிப் பாட்டாக மாறும். நாற்பது வருடமாக அரங்கத்தில் அந்த இடத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு மனைவியின் மனசுக்குள் புகுந்து எழுதியவர் என்று அப்பாவுக்குப் பேர் வந்தது அந்தக் காட்சியால்தான்.

காப்பகத்தின் இரண்டாம் மாடியில் ஒலி கேட்கும் அறை. சுவரெல்லாம் துளை போட்ட பலகை. பேனா கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் சொன்ன காப்பாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அப்பா கோப்பை வைத்த வட்டக்கறையைக்கூட 'தேநீர்க் கறை, பக்கம் நான்கு' என்று பட்டியலில் எழுதியிருக்கும் ரகம்.

மேசைமேல் ஒரு படிவம். 'கேசட் எண் 31. ஆண் குரல்: மாஸ்டர். பெண் குரல்: அடையாளம் தெரியவில்லை. ஒத்திகையாக இருக்கலாம்.'

"வெள்ளிக்கிழமை உங்கப்பா தொகுப்பைப் பொதுமக்களுக்குத் திறக்கிறோம்" என்றார் காப்பாளர். "அதுக்குள்ள இந்த ஒரு இடம் நிரம்பிட்டா நல்லா இருக்கும்."

காதில் மாட்டும் கருவிகள் மூன்று இருந்தன. ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டார்கள். பெரியவள் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்தாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. யாராவது பேசப் போகிறார்கள் என்றால் அவள் கை தானாக நோட்டைத் தேடும்.

முதலில் இரைச்சல். பிறகு குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம். தட்டோடு தட்டு மோதியது.

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேட்கும்." அப்பாவின் குரல். நாற்பது வயதுக் குரல்.

"கேட்கட்டும். அவங்களாவது கேட்கட்டும்."

முதல் சொல்லிலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. 'பெ' என்று ஓரத்தில் போட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டே போனது.

"இந்த வீட்டுல நான் இருக்கேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்? சட்டையில பட்டன் அறுந்தாத் தெரியும். வேற எப்பவாவது தெரியுமா?"

"எனக்கு வேலை இருக்கு."

"எனக்கு இல்லையா? மருந்துக்கடையில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, இங்க தொட்டிகிட்ட நிக்கிறேன். எந்த ஊர்லயோ எவளோ அழறதுக்கு வசனம் எழுதறீங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கீங்களா? நல்லா இருக்கியா, அவ்வளவுதான். அதுக்கு மெட்டுக்கூட வேண்டாமே!"

இப்படியே போனது. நாடகத்தில் எட்டு நிமிடம், இதில் பதினொன்று. அப்பா நடுநடுவே இரண்டு சொல், மூன்று சொல் சொன்னார். கடைசியில் ஏதோ கனமான பாத்திரம் தரையில் விழுந்தது.

"போதும்" என்றது பெண் குரல். பிறகு கொஞ்சம் தாழ, "போதும்." பிறகு மூச்சுக்குள், "போதும்."

சின்னவன் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். காப்பாளரின் உதடுகள் அவரை அறியாமல் பாட்டின் அடுத்த அடிக்குப் போய் நின்றன.

அப்போது ஒரு குழந்தையின் குரல், கதவருகிலிருந்து வந்த மாதிரி.

"அம்மா, அப்பாவைத் திட்டாதே."

'கு' என்று ஓரத்தில் போட்டு அந்த வரியையும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள் பெரியவள். வைத்த பிறகுதான் அது யார் குரல் என்று அவளுக்கு உறைத்தது.

குழாய் மூடப்பட்டது. பொத்தான் அமுங்கும் சத்தத்தோடு எல்லாம் நின்றது.

"எப்படி!" என்றான் சின்னவன், கருவியைக் கழற்றியபடி. "யாருக்கா இது? இப்படி ஒருத்தி நம்ம குழுவுல இருந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

"அது அம்மாடா."

அவன் சிரித்தான். "அம்மாவா? அம்மா உப்பு வேணுமான்னு கேட்டாலே காதைக் கிட்ட கொண்டுபோகணும்."

"அம்மாதான். அந்தக் குழந்தை நான்."

சிரிப்பு அவன் முகத்திலேயே கொஞ்ச நேரம் போக வழி தெரியாமல் நின்றது. பிறகு அவனுக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது. "அப்போ அப்பா அம்மாவையே நடிக்க வெச்சுப் பார்த்திருக்கார்! எழுதி முடிச்சு வீட்டுலயே ஒத்திகை பார்த்திருக்கார். இது இன்னும் பெரிய விஷயம்க்கா."

பெரியவள் காப்பாளரிடம் திரும்பினாள். "அந்தக் காட்சியோட கையெழுத்துப் பிரதி இருக்கா மேடம்?"

இருந்தது. ஊதா மையில் அப்பாவின் கோணல் எழுத்து. வசனத்துக்கு இடப்பக்கம் சின்னச் சின்ன எண்கள். 014. 052. 087. 'போதும்' என்ற சொல்லின் தலைமேல் மூன்று தரமும் ஸ்வரங்கள்.

"இந்த எண்கள் என்னன்னு எங்களுக்குப் புரியலை" என்றார் காப்பாளர். "மேடைக் குறிப்பா இருக்கும்னு போட்டிருக்கோம்."

"மேடைக் குறிப்பு இல்லை மேடம்" என்றாள் பெரியவள். "கேசட் ஓடும்போது கருவியில எண் ஓடும் இல்லையா, அது. பதிவைக் கேட்டு எழுதறப்போ நானும் இப்படித்தான் ஓரத்துல குறிச்சுப்பேன். ஒரு வரி சரியாக் கேட்கலைன்னா அந்த எண்ணுக்குத் திருப்பி ஓட்டி மறுபடியும் கேட்கிறதுக்கு."

"அப்படின்னா..." என்றார் காப்பாளர்.

"எழுதினதை அவங்க பேசலை. அவங்க பேசினதைக் கேட்டுக் கேட்டு அவர் எழுதியிருக்கார்."

காப்பாளர் கண்ணாடியை மாட்டி, பிரதியையும் பெரியவளின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சுருக்கெழுத்து அவருக்குப் புரியாததால் பெரியவள் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். பாதி வரிகளுக்கு மேல் சொல் மாறவில்லை. மருந்துக்கடை தையல் கூடமாகியிருந்தது. குழந்தையின் வரி மட்டும் இல்லை. நாடகத்தில் அந்தத் தம்பதிக்குக் குழந்தையே கிடையாது.

சின்னவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். இருநூறு தரத்துக்கு மேல் அவன் அந்தக் கணவனாக மேடையில் உட்கார்ந்து, "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லியிருக்கிறான்.

காப்பாளர் தொண்டையைச் செருமினார். "இதைத் திறந்து வைக்கலாம். முப்பது வருஷம் மூடி வைக்கலாம். இல்லே குடும்பத்துக்கே திருப்பித் தந்துடலாம். பேசினவங்க உயிரோட இருக்கறதால அவங்க சம்மதம் வேணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்குப் பட்டியல் அச்சுக்குப் போகுது."

இருவரும் வீட்டுக்கு வந்தபோது அம்மா குளிர்சாதனப் பெட்டியை அணைத்துக் கதவைத் திறந்து போட்டிருந்தாள். அதன் மேல்தட்டில் கட்டிப்போன பனியை மரக்கரண்டியால் தட்டித் தட்டி உடைத்து ஒரு தகரப் பேசினில் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயதில் முக்காலியில் ஏறி நிற்க வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க" என்றாள். "யாருக்கு என்ன?"

"இறங்கும்மா முதல்ல" என்றான் சின்னவன்.

"பாதியில விட்டா வழிஞ்சு தரையெல்லாம் ஈரமாகும். சொல்லு, காது சும்மாதானே இருக்கு."

அவன் சுற்றி வளைத்து ஆரம்பித்தான். கேசட்டுகளைப் பற்றி, காப்பாளரைப் பற்றி, படியேறி மூச்சு வாங்கியதைப் பற்றி. விஷயத்துக்கு வர முடியவில்லை. அக்காவைப் பார்த்தான்.

பெரியவள் நோட்டைத் திறந்தாள். நீதிமன்றத்தில் சாட்சியின் வாக்குமூலத்தைத் திரும்பப் படித்துக் காட்டுவது போல, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் படித்தாள்.

"ஆண்: மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேட்கும். பெண்: கேட்கட்டும். அவங்களாவது கேட்கட்டும். பெண்: இந்த வீட்டுல நான் இருக்கேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்..."

மரக்கரண்டி ஒரு தரம் நின்றது. பிறகு மறுபடி தட்டியது.

"சட்டையில பட்டன் அறுந்தாத் தெரியும்" என்றாள் அம்மா, பனியைப் பார்த்தபடி. அவள் குரலிலும் ஏற்ற இறக்கம் இல்லை. "நாடகத்துல சட்டையைச் செருப்பாக்கிட்டார். செருப்பு வார் அறுந்தாத் தெரியும்னு. எனக்கென்னமோ சட்டைதான் சரின்னு பட்டுது."

"அம்மா..." என்றான் சின்னவன். "உனக்குத் தெரியாம அப்பா இப்படிப் பதிவு பண்ணியிருக்கக் கூடாது. நான் அவர் பிள்ளைதான். இருந்தாலும் சொல்றேன், கூடாது."

"அவர் எங்க பண்ணினார்? நான்தான் பொத்தானை அமுக்கினேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா ஒரு பெரிய பனிக்கட்டியைப் பேசினில் போட்டாள். அது 'டங்' என்றது.

"தான் எப்படிப் பேசறோம்னு மனுஷனுக்குத் தெரியலை. ஒரே ஒரு தரம் காதால கேட்டா உறைக்கும்னு நினைச்சேன். ஆர்மோனியத்து மேலே கேசட் கருவி எப்பவும் இருக்கும். ஓட விட்டுட்டு வந்து பாத்திரம் கழுவினேன். மறுநாள் உட்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. அசையாமக் கேட்டார். கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு. நானும் அப்பாடான்னு இருந்தேன். 'இன்னொரு தரம் போடு'ன்னார். போட்டேன். மறுபடியும் கேட்டார். நாலு தரம். நாலாவது தரம் பார்த்தா கையில பேனா இருக்கு."

வெளியே யாரோ யாரையோ சைக்கிளை ஓரமாக விடச் சொல்லிக் கத்தினார்கள்.

"முதல் நாள் நாடகத்துக்கு என்னை முன் வரிசையில உட்கார வெச்சாங்க" என்றாள் அம்மா. "அந்த இடம் வந்ததும் பக்கத்துல இருந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விசும்பி விசும்பி அழுதாங்க. மாஸ்டர் சம்சாரம்னு தெரியாது அவங்களுக்கு. நான் அவங்க முதுகைத் தடவிக் குடுத்தேன். பாவம், என்ன கஷ்டமோ."

சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "இதை மூடி வெச்சுடலாம்மா" என்றான். "இது வெளியே வந்தா அப்பா பேர் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை திறப்பு விழா மேடையில நான் எந்த முகத்தோட அந்தக் காட்சியை நடிப்பேன்?"

"உன் முகத்தோடதான். வேற எது இருக்கு?"

"விளையாடாதேம்மா. உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா? காலையில கேட்டியே, யார் குரல்னு தெரிஞ்சுதா உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அதைக் குத்திக்காட்டச் சொன்ன மாதிரி தெரியவில்லை. மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"திறக்கிறதோ மூடறதோ உங்க இஷ்டம்" என்று இறங்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "பின்பக்கத்தையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"பின்பக்கமா?" என்றாள் பெரியவள். காப்பாளர் கொடுத்த பட்டியலின் நகலைப் பையிலிருந்து எடுத்து விரலால் தேடினாள். "இரண்டாம் பக்கம் காலின்னு போட்டிருக்காங்களே."

"கொஞ்ச நேரம் கேட்டுட்டு அப்படிப் போட்டிருப்பாங்க. முதல்ல ஒண்ணும் இருக்காது. எனக்குப் பேச்சு வரலை. ஆறு ஏழு நிமிஷம் ஓட விடணும்."

"அதுலயும் நீதானா? எப்போ?"

"நாடகம் பார்த்துட்டு வந்த மறுநாள். வீட்டுல யாரும் இல்லை." அம்மா பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பேசி முடிச்சு, அந்தப் பக்கம் மேலே தெரியற மாதிரி ஆர்மோனியத்து மேலே வெச்சேன். அப்பாவும் நீயும் சேர்ந்து உட்கார்ற இடம் அதுதானே. யாரும் எடுத்துப் போடலை. போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். சரி, கேட்கிறதுன்னா கேளுங்க. நான் இதைக் கீழே கொட்டிட்டு வரேன்."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது.

மணி நாலே முக்கால். பெரியவள் காப்பகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"போன்ல போட்டுக் காட்டறது விதிப்படி கூடாது" என்றார் காப்பாளர். கொஞ்ச நேரம் யோசித்தார். "குரலுக்கு உரியவங்க குடும்பம் சரிபார்த்ததுன்னு குறிப்பு எழுதிக்கறேன். இருங்க."

போனைச் சமையலறை மேடைமேல் வைத்து ஒலியைக் கூட்டினார்கள். அங்கே பொத்தான் அமுங்கியது. இரைச்சல். காப்பாளர் முன்னே ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி இரைச்சல். யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

ஒரு மூச்சு. பிறகு அம்மா. இந்தத் தரம் கோபமில்லாத, பழக்கப்பட்ட தாழ்ந்த குரல்.

"பெரியவளே... நீ வளர்ந்ததும் கேட்பேன்னுதான் இதைப் பேசறேன். நாளைக்குக் காலையில நான் இந்த வீட்டை விட்டுப் போறேன். தம்பியை மட்டும் கூட்டிட்டுப் போறேன்..."

சின்னவன் பாய்ந்து போனை அணைத்தான்.

"வேண்டாம்க்கா" என்றான். "நீ இதைக் கேட்க வேண்டாம்."

பெரியவள் அவனைப் பார்த்தாள். அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. மேடையில் நடுங்குவது வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தனக்கு என்ன தோன்றுகிறது என்று கவனித்துப் பார்த்தாள். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. கை படுவது தெரிந்தது. கால் தன்னுடையதாகத் தெரியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாக்கடை ஓரம் கொட்டிய பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"எதுவரைக்கும் கேட்டே?"

"தம்பியை மட்டும்னு சொன்னது வரைக்கும்."

அம்மா தலையசைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை. அது அப்படியில்லை, இப்படி என்று விளக்கவும் இல்லை.

"ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தேன். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்."

"அப்பாவைத் திட்டாதேன்னு நான் சொன்னதாலயா?"

"எட்டு வயசுக் குழந்தை சொன்னதுக்கா?" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "ஆமாம்" என்றாள். "எனக்கு அப்போ அப்படித்தான் இருந்துச்சு. நீ அவர் பொண்ணு, இவன் என் பிள்ளைன்னு மனசுக்குள்ள பாகம் பிரிச்சுட்டேன்."

பெரியவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் போகலை?"

"போனேனே."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு, மூணாம் நாள் திரும்பி வந்தேன். உனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா? நானும் இத்தனை வருஷமா, நீ வேணும்னே பேசாம இருக்கேன்னு நினைச்சுட்டிருந்தேன்." அம்மா தெருவைப் பார்த்துப் பேசினாள். "கதவைத் தட்டினேன். நீதான் திறந்தே. என்னைப் பார்த்து, 'யாரு வேணும்?'னு கேட்டே. குறும்பா, கோபமான்னு உன் முகத்துல தேடினேன். ரெண்டும் இல்லை. அப்பா இருக்காரான்னு கேட்டேன். 'அப்பா, யாரோ வந்திருக்காங்க'ன்னு உள்ளே பார்த்துச் சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போய் விளையாட உட்கார்ந்துட்டே."

பெரியவள் தேடிப் பார்த்தாள். இருபது வருடத்துக்கு முன் கூண்டில் நின்ற ஒரு பெண் எந்த இடத்தில் இருமினாள் என்பதுவரை அவளால் சொல்ல முடியும். இந்தக் கதவு, இந்தக் கேள்வி, அந்த மூன்று நாள் எங்கேயும் இல்லை. அம்மாவின் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். பிடித்தாள். பனியில் கிடந்த கை, ஜில்லென்றுதான் இருந்தது.

"உனக்கு ஞாபகம் இல்லைன்னா நல்லதுதான்" என்றாள் அம்மா. "எனக்கு ஒருத்திக்கு இருந்தாப் போதும்."

மாடி ஜன்னல் படீரென்று திறந்தது. சின்னவன் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தான். கையில் போன்.

"அம்மா! அந்த மேடம் கூப்பிட்டாங்க. எவ்வளவு நீளம்னு குறிக்கிறதுக்காகக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தாங்களாம்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீ பேசி முடிச்சதுக்கு அப்புறம் வேற குரல் இருக்காம். அப்பா குரலாம். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ பேசறாராம்."

பெரியவளின் கைக்குள் இருந்த கை விடுபட்டது.

"இருக்காது" என்றாள் அம்மா. படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் வெச்சது வெச்ச மாதிரியேதான்டா இருந்துச்சு. அவர் தொடவே இல்லை. இருக்காது."

சொல்லிக்கொண்டே அவள் மாடிக்கு ஏற ஆரம்பித்தாள். ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்கி ஏறுகிறவள், இப்போது எங்கேயும் நிற்கவில்லை.